மீன்தொட்டிக்குப் பைப் போடுகிறீர்களா? வெவ்வேறு பிளாஸ்டிக்குகளைக் கசிவில்லாமல் இணைக்க ஒரு வழிகாட்டி

சென்னையில் ஒரு வாடகை வீட்டில் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட மீன்தொட்டியை அமைத்தேன். கீழ் அலமாரிக்குள் சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டியை வைத்து இரண்டையும் பைப்பால் இணைத்தேன். மூன்றாம் நாள் அதிகாலையில் அலமாரியின் அடிப்பலகை நனைந்து உப்பிக் கிடந்தது. சொட்டிய எல்போவை, அதாவது பைப்பின் திசையைத் திருப்பும் முழங்கை வடிவ இணைப்பை, கையால் திருப்பியபோது அது அப்படியே கழன்று வந்தது. பசை நன்றாகக் காய்ந்திருந்தும் பைப்பை அது பிடிக்கவே இல்லை. பைப்பையும் எல்போவையும் ‘முக்கால் இன்ச்’ என்று கேட்டுத்தான் வாங்கியிருந்தேன். பைப் ஒரு அளவுமுறையையும் எல்போ வேறோர் அளவுமுறையையும் சேர்ந்தவை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. முழு அமைப்பையும் பிரித்து மறுபடி கட்ட ஆறு வாரங்கள் ஆயின; செலவும் ஏறத்தாழ இரு மடங்கானது. இந்த வேலையில் முதன்முறையாக இறங்குபவருக்கு அந்த ஆறு வாரங்கள் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மீன்தொட்டிப் பைப்பில் அழுத்தம் மிகக் குறைவு. நீர் 10 மீட்டர் உயரம் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வரும். தொட்டிக்கும் சம்புக்கும் இடையிலான 1.3 மீட்டர் உயரத்துக்கு வருவது 0.13 கிலோ மட்டுமே. ஆகவே இங்கே இணைப்புகள் பெரும்பாலும் அழுத்தத்தால் விட்டுப்போவதில்லை. அளவு பொருந்தாமை, பசைக்கு ஒட்டாத பிளாஸ்டிக், பைப்பை வளைத்து இழுத்துப் பொருத்தியதால் விழும் பளு, மோட்டாரின் அதிர்வு ஆகிய நான்கில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்த நான்கையும் கடையிலும் தரையிலும் வைத்தே தீர்த்துவிடலாம்.

1. பைப் எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதிசெய்யுங்கள்

பைப்பின் மேல் நீளவாக்கில் அச்சிட்டிருக்கும் வரிதான் உங்களுக்கு முதல் ஆவணம். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 4985 என்று இருந்தால் அது குடிநீருக்கான யு.பி.வி.சி. பைப், அதாவது கெட்டியான பி.வி.சி., மில்லிமீட்டர் அளவுமுறை. ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தரநிலை) டி 1785, ஷெட்யூல் (சுவர்த் தடிமன் வகை) 40 அல்லது 80 என்று இருந்தால் அதுவும் யு.பி.வி.சி. தான், ஆனால் அமெரிக்க இன்ச் அளவுமுறை. ஐ.எஸ். 15778 அல்லது ஏ.எஸ்.டி.எம். டி 2846 என்று இருந்தால் அது சி.பி.வி.சி.; வெந்நீருக்கு வீட்டில் போடும் வெளிர்மஞ்சள் பைப் அதுவே. ஐ.எஸ். 13592 என்பது கழிவுநீருக்கான பைப். மீன்தொட்டிக்கு அதை எடுக்க வேண்டாம். மின்கம்பி இழுக்கும் கான்ட்யூட் பைப் விலை மலிவாகவும், பார்வைக்குத் தண்ணீர்ப் பைப் போலவும் இருக்கும்; அதன் சுவர் மெல்லியது, நீருக்காகச் செய்யப்பட்டதும் அன்று. அச்சு வரி இல்லாத வெட்டுத்துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பி.வி.சி. பைப்புகளில் ஈயக் கலப்பைக் கட்டுப்படுத்தும் விதிகளை நடுவண் அரசு 2021இல் வெளியிட்டது. ‘ஈயமற்றது’ என்று அச்சிட்ட பைப்பையே கேட்டு வாங்குங்கள்.

பைப் அல்லாத பாகங்களில்தான் குழப்பம் அதிகம். கேனிஸ்டர் வடிகட்டியின் குழாய்முனை, மோட்டாரின் வெளிவாய், வளைத்துத் திருப்பக்கூடிய கண்ணி கண்ணியான நீர்முனை, சொட்டுநீர்ப் பாசனக் கருப்பு டியூப் ஆகியவற்றின் மேல் எதுவும் எழுதியிருக்காது. இவற்றுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. சிறு துண்டு ஒன்றை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாதபடி நனைத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் நீரைவிட எடை குறைந்தவை என்பதால் மிதக்கும். பி.வி.சி.யும் சி.பி.வி.சி.யும் கல்லைப் போல மூழ்கும், ஏ.பி.எஸ். என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் மெதுவாக மூழ்கும். மிதக்கும் பிளாஸ்டிக் எதையும் பைப் ஒட்டும் பசையான சொல்யூஷனால் ஒட்ட முடியாது என்பதை இத்துடன் சேர்த்து நினைவில் வையுங்கள். தீயில் காட்டிப் பார்க்கும் பழைய முறையைச் செய்யாதீர்கள், பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அது நுரையீரலை அரிக்கும்.

2. ‘ஒரு இன்ச்’ என்ற சொல்லை நம்பாமல் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள்

நான் விழுந்த குழி இதுதான். கடையில் ‘முக்கால் இன்ச்’ என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பைப்புகள் கிடைக்கக்கூடும். ஐ.எஸ். 4985 பைப்பின் வெளிவிட்டம் 25 மி.மீ.; ஷெட்யூல் 40 பைப்புக்கு 26.7 மி.மீ.; சி.பி.வி.சி. பைப்புக்கு 22.2 மி.மீ. ‘ஒரு இன்ச்’ என்றால் முறையே 32, 33.4, 28.6 மி.மீ. ‘அரை இன்ச்’ என்றால் 20, 21.3, 15.9 மி.மீ. 25 மி.மீ. பைப்பை 26.7 மி.மீ. பைப்புக்கான எல்போவுக்குள் நுழைத்தால் தளர்வாக இருக்கும். சொல்யூஷனை அள்ளிப் பூசினால் அந்த இடைவெளி நிரம்பிவிட்டது போலத் தோன்றும். ஆனால் சொல்யூஷன் இடைவெளியை நிரப்பும் பொருள் அன்று. அது இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று உருக வைப்பது. பரப்புகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். தொடாத இடத்தில் கரைப்பான் ஆவியாகிப் போய் மெல்லிய தோல் ஒன்று மிஞ்சுகிறது. நீர் அதன் ஊடே வழியைக் கண்டுபிடித்துவிடும்.

ஆகவே விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றை வாங்குங்கள். நான் வாங்கிய டிஜிட்டல் காலிப்பர் 400 ரூபாய். வீணாகிப் போன பொருள்களோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை. வாங்கப்போகும் நிறுவனத்தின் அளவு அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை முழு அமைப்பையும் ஒரே அளவுமுறையில், ஒரே நிறுவனத்தின் பைப், எல்போ, டீ (மூன்று வாய் கொண்ட T வடிவ இணைப்பு), வால்வு என்று கட்டுவதே நல்லது. இறக்குமதியான மீன்தொட்டிச் சாமான்கள் சில 20, 25, 32 மி.மீ. அளவுகளில் வரும், அவை ஐ.எஸ். 4985 பைப்போடு சேரும், ஷெட்யூல் 40 பைப்போடு சேராது.

மரையிலும் இதே சிக்கல் உண்டு. நம் ஊர் ஃபிட்டிங்குகள், அதாவது எல்போ, டீ போன்ற இணைப்புப் பாகங்கள், பெரும்பாலும் பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் முறை மரை, அமெரிக்கச் சாமான்கள் என்.பி.டி. எனும் அமெரிக்க முறை மரை. அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்கும் ஒரு இன்ச் நீளத்துக்கு 14 மரைகள் என்பதால் ஒன்று மற்றொன்றில் சில சுற்றுகள் ஏறிப் பொருந்தியது போலக் காட்டும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. ஒரு இன்ச் அளவு ஃபிட்டிங்கிலோ அந்த மரை எண்ணிக்கையே 11, 11.5 என்று மாறிவிடும். இரண்டையும் கலந்து இறுக்கினால் பிளாஸ்டிக் கீறும். மரை மாற்றும் அடாப்டர் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஹோஸ் இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

3. எதை எதோடு எப்படிச் சேர்ப்பது என்று தாளில் எழுதுங்கள்

ஒரு தாளில் தொட்டி, சம்ப், மோட்டார், வால்வு அனைத்தையும் வரைந்து, ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கத்தின் பிளாஸ்டிக்கையும் எழுதுங்கள். யு.பி.வி.சி.யும் யு.பி.வி.சி.யும் சந்திக்கும் இடத்தில் யு.பி.வி.சி. சொல்யூஷன் போதும், சி.பி.வி.சி. இரண்டு சந்தித்தால் அதற்கென்ற சொல்யூஷன் வேண்டும். யு.பி.வி.சி.யும் சி.பி.வி.சி.யும் சந்தித்தால் நேரடியாக ஒட்ட முயலாமல், ஒரு பக்கத்தில் வெளிமரை அடாப்டரையும் மறுபக்கத்தில் உள்மரை அடாப்டரையும் ஒட்டி, மரையால் சேருங்கள். கடையில் இவற்றை எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. என்று கேட்க வேண்டும்.

ஏ.பி.எஸ்.ஸையும் பி.வி.சி.யையும் சேர்க்கும் இடைநிலைச் சொல்யூஷன் ஒன்று உண்டு. அதன் தரக்குறிப்பு அழுத்தமில்லாத வடிகால் பைப்புக்கு மட்டுமே. மோட்டாரிலிருந்து மேலேறும் பைப்பில் அதை நம்ப வேண்டாம். மரையோ ஹோஸோ போடுங்கள். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் டியூப்புகளுக்கு நட்டை இறுக்கிப் பிடிக்க வைக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்தான் வழி, ஆர்.ஓ. கருவியின் கால் இன்ச் டியூப்புக்கு அழுத்திச் செருகும் ஃபிட்டிங் போதும். கண்ணி நீர்முனை அசிட்டால் எனும் பிளாஸ்டிக்கால் ஆனது. எந்தப் பசையும் அதைப் பிடிக்காது. அதன் மரையை மட்டுமே பயன்படுத்த முடியும். எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாத பாகத்தை ஒட்டமுடியாத பாகமாகவே கருதித் திட்டமிடுங்கள்.

‘மேலே சிலிக்கான் அடித்துவிட்டால் போதும்’ என்று உங்களிடம் நிச்சயம் யாராவது சொல்வார்கள். சிலிக்கான் கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும், பி.வி.சி.யில் ஒட்டியது போல இருந்து பிறகு உரிந்து வரும். பாலிஎத்திலீனிலும் பாலிப்ரொப்பிலீனிலும் பிடிக்கவே செய்யாது. கசியும் இணைப்பின் மேல் சிலிக்கானோ எபாக்சியோ பூசுவது கசிவைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. அந்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.

4. பித்தளையைத் தவிருங்கள்

வீட்டுக் குழாய் வேலைக்கு விற்கும் உள்மரை ஃபிட்டிங்குகள் பலவற்றின் உள்ளே பித்தளை வளையம் பதித்திருக்கும். சுவரில் குழாய் மாட்ட அது வலுவானது. ஆனால் பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். செம்பு மிகச் சிறு அளவிலேயே இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். நீர் மென்மையாகவும் சற்று அமிலமாகவும் இருந்தால் செம்பு கரைவது கூடும். என் முதல் அமைப்பில் இப்படிப்பட்ட இரண்டு ஃபிட்டிங்குகள் இருந்தன. மீன்கள் நன்றாக இருந்தபோதே செர்ரி இறால்கள் நாளொன்றுக்கு ஒன்றிரண்டாகச் செத்தன. செம்பு அளவிடும் சோதனைத் திரவம் வாங்கிப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. அந்தச் சின்ன உயிர்கள் என் கவனக்குறைவால் போனதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. முழுப் பிளாஸ்டிக் மரை என்று அழுத்திக் கேட்டு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு நிப்பிளுக்கும் இது பொருந்தும்.

5. செலவையும் நாளையும் கணக்கிடுங்கள்

என் இரண்டாவது அமைப்புக்கு ஆன செலவை ஒரு அளவுகோலாக மட்டும் தருகிறேன். ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும். ஒரு இன்ச் ஷெட்யூல் 40 பைப் மூன்று மீட்டர் நீளம் ஒன்றும், முக்கால் இன்ச் ஒன்றும் சேர்த்து 650 ரூபாய். டேங்க் நிப்பிள் (கண்ணாடித் துளையில் பொருத்திப் பைப்பை இணைக்கும் பாகம்) மூன்று 390. பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று திறந்து மூடும் வால்வு) இரண்டு 560. யூனியன் (வளையத்தைத் திருகிக் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) மூன்று 360. எல்போ, டீ, அடாப்டர் வகையறா 420. சொல்யூஷன் 100 மி.லி. டப்பாவும், அதற்கு முன் தடவும் பிரைமர் திரவமும் 260. டெஃப்ளான் டேப், உப்புத்தாள், ஹோஸ், கிளிப் எல்லாம் 400. கண்ணாடியில் மூன்று துளைகள் போட 600. ஆக 3,640 ரூபாய், காலிப்பர் தனி. இதில் எங்காவது குறைக்க வேண்டும் என்றால் எல்போக்களைக் குறையுங்கள், அதனால் ஓட்டமும் நன்றாகும், யூனியனைக் குறைக்காதீர்கள். மோட்டாருக்கு அருகில் ஒன்று, ஒவ்வொரு வால்வுக்கு அருகில் ஒன்று என்று யூனியன் போட்டால்தான், நாளை ஒரு பாகம் கெட்டால் மற்றதை அறுக்காமல் கழற்ற முடியும்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பிரிக்காத, ஒட்டாத ஃபிட்டிங்கை மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எந்தத் திட்டத்திலும் இரண்டு மூன்று ஃபிட்டிங் அளவு தவறாக வந்தே தீரும். சொல்யூஷன் டப்பாவில் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். டப்பாவைக் குலுக்கினால் தேன் போல ஓட வேண்டும். கூழாகத் திரண்டிருந்தால் தின்னர் ஊற்றி இளக்காமல் தூக்கி எறியுங்கள்.

நாள் கணக்கு இப்படி வரும். வாங்கி வந்து அறுத்துப் பொருத்திப் பார்க்க ஒரு நாள். ஒட்ட அரை நாள். காய ஒரு முழு நாள். நல்ல நீரை நிரப்பிச் சோதிக்க ஒரு நாள். கழுவி வடிக்க அரை நாள். வெயில் காலத்தில் ஒட்டிய முதல் இரண்டு நிமிடங்களில் இணைப்பு நிலைபெற்றுவிடும், ஒரு இன்ச் வரையான பைப் கால் மணி நேரத்திலேயே சாதாரண அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் மீன்தொட்டியில் தாங்கினால் மட்டும் போதாது. கரைப்பான் முழுவதும் ஆவியாகி வெளியேறியிருக்க வேண்டும். ஆகவே நான் 24 மணி நேரம் விடுகிறேன், ஐப்பசி கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது 48 மணி நேரம். மீன் வாங்கும் தேதியை முன்பே குறித்துவிட்டு இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள்.

6. ஒட்டாமல் முழுவதும் பொருத்திப் பாருங்கள்

பைப்பை நேர்கோணத்தில் அறுங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுப்பதாக இருந்தால் பைப்பைச் சுற்றி ஒரு தாளைச் சுருட்டி, அதன் விளிம்பை ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டால் வெட்டு கோணாது. உள்ளும் வெளியும் உள்ள பிசிறை உப்புத்தாளால் நீக்கி, வெளிவிளிம்பைச் சற்றுச் சரிவாக்குங்கள். சரிவில்லாத கூரிய விளிம்பு, பூசிய சொல்யூஷனை ஃபிட்டிங்கின் உள்ளே வழித்துத் தள்ளிவிடும்.

உலர்ந்த நிலையில் பைப் ஃபிட்டிங்கின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இறங்கி இறுக வேண்டும். ஃபிட்டிங்கின் வாய் உள்ளே போகப் போகக் குறுகும் வடிவம் கொண்டது, எனவே அடிவரை போகாதது சரியே. தடையில்லாமல் அடிவரை விழுந்தால் அளவு தவறு. அந்த ஜோடியை ஒட்டாதீர்கள். எல்லாம் பொருந்தியதும் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒட்டும்போது எல்போ எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லும். சொல்யூஷன் பூசிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது. பைப்பை வளைத்துப் பிடித்தால்தான் துளைக்கு நேராக வருகிறது என்றால், அரை இன்ச் அறுத்துத் திருத்துங்கள். வளைத்துப் பொருத்திய பைப் டேங்க் நிப்பிளை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

7. சொல்யூஷனால் ஒட்டுதல்

இதை மொட்டைமாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள். டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்கள் இந்தச் சொல்யூஷனில் உள்ளன. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, அலமாரிக்குள் தேங்கும், எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், அடுப்பு எதுவும் அருகில் எரியக்கூடாது. கையுறை போடுங்கள், தலை சுற்றினால் உடனே விலகிக் காற்றோட்டமான இடத்துக்குச் செல்லுங்கள். அலமாரிக்குள்ளேயே ஒட்டியாக வேண்டிய கடைசி ஒன்றிரண்டு இணைப்புகளுக்குச் சன்னல்களைத் திறந்து, சற்றுத் தள்ளி மின்விசிறியைப் போட்டு, ஏற்கனவே மீன் உள்ள தொட்டி அந்த அறையில் இருந்தால் அதை மூடி, அதன் காற்றுப் பம்ப்பை வேலை முடியும்வரை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அந்தப் பம்ப் ஆவியை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் அனுப்பும்.

முதலில் இரு பரப்பையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமோ எண்ணெய்யோ இருக்கக்கூடாது. பிரைமரை இரண்டிலும் தடவுங்கள். அது காயுமுன் பைப்பின் வெளிப்புறத்தில் சற்றுத் தாராளமாகவும், ஃபிட்டிங்கின் உட்புறத்தில் மெல்லியதாகவும் சொல்யூஷனைப் பூசுங்கள். உட்புறத்தில் அதிகம் பூசினால் உள்ளே குளம் கட்டி, பைப்பின் சுவரை மென்மையாக்கி, ஓட்டத்தையும் அடைக்கும். உடனே பைப்பை நுழைத்து, கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே அடிவரை தள்ளிப் பென்சில் கோடுகள் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். முப்பது நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள், ஏனென்றால் அந்தக் குறுகும் வாய் பைப்பை வெளியே தள்ளப் பார்க்கும். இணைப்பைச் சுற்றி மெல்லிய மணிவரிசை போலச் சொல்யூஷன் எங்கும் அறுபடாமல் தெரிந்தால் நல்ல ஒட்டு; மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

யூனியனை ஒட்டுவதற்கு முன் அதன் வளையத்தைப் பைப்பில் மாட்டிவிட்டீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒட்டிய பின் அதை உள்ளே நுழைக்க வழியே இல்லை. ரப்பர் ஓ-ரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, காய்ந்த பிறகு மாட்டுங்கள். பால் வால்வை ஒட்டும்போது திறந்த நிலையில் படுக்கையாக வைத்துக்கொண்டால் சொல்யூஷன் உள்ளே வழிந்து உருண்டையைப் பிடிக்காது.

8. மரை இணைப்புகள்

மரையில் சொல்யூஷன் போடாதீர்கள், சணலும் வெள்ளைப் பூச்சும் வேண்டாம், எண்ணெய் கலந்த எந்தக் களிம்பும் வேண்டாம். சில களிம்புகள் ஏ.பி.எஸ்.ஸை நாளடைவில் வெடிக்க வைக்கும். டெஃப்ளான் டேப் மட்டும் போதும். வெளிமரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் திசையில் நான்கு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மரை ஏறும்போதே டேப் உருண்டு வெளியே வந்துவிடும்.

கையால் முடிந்தவரை இறுக்கிய பின், ஸ்பேனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. இரும்புக் குழாய்க்குப் பழகிய கை இங்கேதான் தவறு செய்யும். வெளிமரை சரிவானது, இறுக்க இறுக்க உள்மரைப் பாகத்தைப் பிளக்கும் ஆப்பாக அது மாறுகிறது. கீறல் அன்றே தெரியாமல், சில வாரங்கள் கழித்து நள்ளிரவில் தெரியலாம். உலோக வெளிமரையைப் பிளாஸ்டிக் உள்மரையில் ஏற்றாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். சரிவில்லாத நேர்மரையாக இருந்தால் டேப்பை நம்பாமல் ரப்பர் வாஷரை வைத்து இறுக்குங்கள்.

9. கண்ணாடித் துளையும் டேங்க் நிப்பிளும்

டேங்க் நிப்பிளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே துளை போடுங்கள். ஒரே பெயரில் விற்கும் நிப்பிள்களுக்குத் துளை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டஃபன்ட் எனப்படும், சூடாக்கி வலுவூட்டிய கண்ணாடியில் துளையிட முடியாது, முழுவதும் நொறுங்கிவிடும். சில தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் டஃபன்டாக இருக்கும். கணினித் திரையைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரவிட்டு, போலரைஸ்டு குளிர்கண்ணாடி வழியே பாருங்கள். கருந்திட்டுகளோ பட்டைகளோ தெரிந்தால் அது டஃபன்ட். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள். கொளத்தூர் வண்ண மீன் சந்தைப் பக்கம் தொட்டி செய்பவர்கள் துளையும் போட்டுத் தருவார்கள்; புதுத் தொட்டி என்றால் செய்யும்போதே சொல்லிவிடுவது மலிவு.

ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப்பகுதிக்கும் கண்ணாடிக்கும் இடையே, நீர் இருக்கும் பக்கம் வர வேண்டும். நட்டின் பக்கம் வைத்தால் நீர் மரை வழியே இறங்கிச் சொட்டும். வாஷரில் சிலிக்கான் பூசாதீர்கள். அது வழுக்கி, இறுக்கும்போது வாஷரைப் பிதுக்கிவிடும். கையால் இறுக்கிய பின் கால் சுற்று போதும். சில நிப்பிள்களில் நட்டு இடப்புறமாக இறுகும் மரையில் வரும். பலம் கொடுக்குமுன் எத்திசையில் ஏறுகிறது என்று பாருங்கள்.

10. ஹோஸ் இணைப்பு

மோட்டாரின் வாயிலிருந்து நேராகக் கெட்டிப் பைப் ஏற்றினால் அதன் அதிர்வு ஒவ்வொரு ஒட்டையும் ஆட்டும், வீடெங்கும் முனகலும் கேட்கும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மென்மையான சிலிக்கான் ஹோஸ் போடுங்கள். ஹோஸுக்கு உள்விட்டமே அளவு என்பதைக் கடையில் மறக்காதீர்கள். முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தெடுத்தால் முள்வரிகள் கொண்ட ஹோஸ் நிப்பிளில் எளிதாக ஏறும், எண்ணெய் தடவக்கூடாது. கிளிப்பை நிப்பிளின் முள்வரிகளுக்கு மேல் வைத்து இறுக்குங்கள். உப்புநீர்த் தொட்டியானால் சாதாரண ஸ்டீல் கிளிப் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் கிளிப்பே போடுங்கள்.

11. நீரும் மின்வெட்டும்: இறுதிச் சோதனை

சோதனையைக் காற்றழுத்தத்தால் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் பைப் காற்றால் வெடித்தால் சில்லுகள் பறக்கும். நீரை நிரப்பி மோட்டாரை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றிக் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக்கொடுக்கும். அடுத்து ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் பிளக்கைத் திடீரென்று பிடுங்குங்கள். மின்சாரம் போனால் மேல்தொட்டி நீர், மோட்டாரிலிருந்து மேலேறும் பைப் வழியே பின்னோக்கிக் கீழே இறங்கும். என் தொட்டியின் பரப்பு 120 × 45 செ.மீ.; ஒரு சென்டிமீட்டர் நீர்மட்டம் குறைந்தால் 5.4 லிட்டர் இறங்குகிறது. நீர்முனை 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர். 75 × 35 செ.மீ. சம்பில் அது 10 செ.மீ.க்கு மேல் ஏறும். அவ்வளவு இடம் சம்பில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தப் பைப்பில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து இறக்கம் நிற்கும். பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் மாதம் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், சிறு கல்லோ நத்தையோ சிக்கினால் அது மூடாது.

மோட்டாரின் ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி விடுங்கள். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. அந்த மின்வழியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கொண்டு பாருங்கள். வாடகை வீடானால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

சோதனை நீரை முழுவதும் வெளியேற்றி, மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் ஓட்டி, அதையும் வெளியேற்றுங்கள். பைப்பின் திறந்த முனையை முகர்ந்து பாருங்கள். சொல்யூஷன் வாடை சிறிதளவு இருந்தாலும் இன்னொரு நாள் காற்றாட விட்டு மீண்டும் ஒருமுறை கழுவிய பிறகே தொட்டிக்கான நீரை நிரப்புங்கள். டிஷ்யூ தாள்களை முதல் வாரம் முழுவதும் அப்படியே கட்டி வைத்திருந்து, காலையும் இரவும் தொட்டுப் பாருங்கள்.